தலைக்கு மேலே விமானம், செயலியில் காணோம்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

விமானங்களைக் காட்டும் செயலி தப்பாகக் காட்டுகிறது என்று தோன்றினால், செட்டிங்ஸுக்குள் போய் நோண்டுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செயலி வானத்தைப் பார்ப்பதே இல்லை. விமானம் தன்னைப் பற்றிச் சொல்வதைத்தான் அது நமக்குத் திருப்பிச் சொல்கிறது.

விமானம் தன் ஜிபிஎஸ் காட்டும் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்குச் சுமார் இரண்டு முறை தானாகவே ஒலிபரப்பிக்கொண்டு போகிறது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். யாரோ ஓர் ஆர்வலர் மொட்டைமாடியில் வைத்திருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து, இணையம் வழியே சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதனுடன் கால அட்டவணை, விமானப் பதிவுப் பட்டியல், புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் போனுக்குத் தள்ளுகிறது. ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர், ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச், பிளேன் ஃபைண்டர் எல்லாம் அடிப்படையில் இப்படித்தான் இயங்குகின்றன.

ஆக விமானம், ரிசீவர், சர்வர், போன், கடைசியாக உங்கள் கண்ணும் காதும் என்று ஐந்து இடங்கள். கோளாறு இந்த ஐந்தில் எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு வரைபடத்தை நன்றாகச் சுருக்கி, சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும்படி வைத்துப் பாருங்கள். ஒரு விமானம்கூட இல்லையென்றால் சிக்கல் போனிலோ சர்வரிலோ இருக்கிறது. மற்றவை எல்லாம் இருந்து உங்களுடையது மட்டும் இல்லையென்றால் விமானத்தையோ ரிசீவரையோ சந்தேகப்பட வேண்டும். விமானம் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் நம் கண்ணோ காதோ போனின் திசைகாட்டியோதான் காரணம்.

வரைபடத்தில் ஒரு விமானம்கூட இல்லை

நான் முதலில் பார்ப்பது ஃபில்டரைத்தான். என்றைக்கோ ஏ380 என்ற பெரிய விமான வகை மட்டும் தெரிந்தால் போதும் என்று ஒரு ஃபில்டர் போட்டிருப்போம். அப்புறம் மறந்தே போயிருப்போம். செயலியை மூடித் திறந்தாலும் அது அப்படியே இருக்கும். உயரம், வேகம், விமான நிறுவனம், விமான வகை என்று எந்த ஃபில்டர் இருந்தாலும் மொத்தமாக நீக்கிவிட்டுப் பாருங்கள். பழைய பறப்புகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் பிளேபேக் முறையில் இருக்கிறீர்களா என்றும் கவனியுங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால் இணைய இணைப்பைப் பாருங்கள். வரைபடத்தின் தெருக்களும் ஊர்ப் பெயர்களும் போனில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், இணைப்பு அறுந்த பிறகும் வரைபடம் மட்டும் அழகாகத் தெரியும். அதைப் பார்த்து இணையம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. வேறு ஊர்ப்பக்கம் வரைபடத்தை இழுத்துப் பாருங்கள். புதிய பகுதி வெறும் கட்டமாக வந்தால் இணைப்பு இல்லை.

சர்வரே திணறும் நாளும் உண்டு. 2022 ஆகஸ்ட் 2 அன்று, அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த நான்சி பெலோசி தைவானின் தைபே போன அமெரிக்க விமானப்படை விமானத்தை ஃபிளைட்ரேடார்24-இல் மொத்தம் 29 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்ந்தார்கள். தரையிறங்கும் நேரத்தில் மட்டும் சுமார் 7 லட்சம் பேர். கட்டணம் கட்டாதவர்களில் பலர் அன்று வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. உலகமே ஒரே விமானத்தைப் பார்க்கும் நேரத்தில் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதில் பயனில்லை.

மற்றவை இருக்கின்றன, நான் பார்க்கும் விமானம் மட்டும் இல்லை

இதுதான் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் விமானம் வரைபடத்தில் இருக்கும். நாம் தேடுகிற இடத்தில் இருக்காது.

"தலைக்கு மேலே" என்று நாம் சொல்லும் விமானம் உண்மையில் நேர் மேலே இருப்பது அபூர்வம். கழுத்தை நன்றாக நிமிர்த்தாமல் பார்க்க முடிகிற எதுவும் அடிவானத்திலிருந்து 45 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். 11 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானம் 45 டிகிரியில் தெரிந்தால், தரையில் அது உங்களிடமிருந்து 11 கி.மீ. தள்ளி இருக்கிறது. 30 டிகிரியில் தெரிந்தால் 19 கி.மீ. 20 டிகிரி என்றால் சுமார் 30 கி.மீ. உங்கள் வரைபடமோ நான்கு தெருக்களை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் எப்படித் தெரியும்?

டிகிரியை அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால், முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முட்டி மேல் முட்டியாக அடுக்கி எண்ணுங்கள். மூன்று முட்டி உயரத்தில் விமானம் இருந்தால், அதன் உயரத்தைப் போல் 1.7 மடங்கு தூரத்தில், நீங்கள் பார்க்கும் அதே திசையில், வரைபடத்தில் தேடுங்கள். வெண்கோடு விட்டுக்கொண்டு போகும் விமானம் என்றால் உயரம் சுமார் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் 40, 50 கி.மீ. தெரியும்படி வரைபடத்தை வைத்தால் கண்ணில் படுகிற பெரிய விமானம் கிட்டத்தட்ட எல்லாமே அகப்பட்டுவிடும்.

ஆனால் ஒரேயடியாகக் கண்டம் முழுவதும் தெரியும்படி சுருக்கவும் கூடாது. அத்தனை விமானங்களையும் ஒரே திரையில் போட்டால் போன் தாங்காது என்பதால் சில செயலிகள் அந்த அளவில் ஒரு பகுதியை மட்டும்தான் காட்டும். நெருங்கி வந்தால் விட்டுப்போனவை தோன்றும்.

சரியான தூரத்தில் தேடியும் இல்லையென்றால், விமானம் தன் இடத்தைச் சொல்லாமல் இருக்கலாம். எல்லா விமானமும் ஏடிஎஸ்-பி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளுக்கு 2020 ஜனவரி முதல் அது கட்டாயம். ஐரோப்பாவின் விதி 5,700 கிலோவுக்கு மேற்பட்ட எடையோ மணிக்குச் சுமார் 460 கி.மீ.-க்கு (250 நாட்) மேற்பட்ட வேகமோ கொண்ட விமானங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. சின்னப் பயிற்சி விமானம், கிளைடர், பாராகிளைடர், பழைய ஹெலிகாப்டர் எல்லாம் ஒன்றும் சொல்லாமலே போகலாம். போர் விமானங்கள் தேவைப்பட்டால் அணைத்துவிடும். அமெரிக்காவில் 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சின்ன விமானங்களில் ஒரு பகுதி 978 மெகாஹெர்ட்ஸில் பேசும்; 1090-ஐ மட்டும் கேட்கும் ரிசீவருக்கு அது எட்டாது.

விமானம் சொல்லியும் செயலி மறைப்பது இன்னொரு வகை. தனியார் ஜெட் உரிமையாளர்கள் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-விடம் கேட்டுத் தங்கள் விமானத்தை மறைப்புப் பட்டியலில் சேர்க்கலாம். ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்றவை அந்தப் பட்டியலை மதிக்கின்றன. ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் மறைப்பதில்லை. அதனால் ஒரு செயலியில் இல்லாததை இன்னொன்றில் தேடிப் பார்ப்பது வீண் வேலை அல்ல. ரிசீவர் வலைகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஒருவருக்கு எட்டாத மூலை இன்னொருவருக்கு எட்டும்.

சத்தம் வரும் பக்கத்தில் விமானமே இல்லை

இங்கே செயலியும் சரி, விமானமும் சரி. காதுதான் பழைய செய்தியைக் கேட்கிறது.

10 கி.மீ. உயரத்திலிருந்து ஒலி தரைக்கு வர ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் அந்த அரை நிமிடத்தில் ஏழரை கி.மீ. போய்விடும். அதாவது உறுமல் உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து வருவதாக உங்களுக்குத் தோன்றும் அந்த நொடியில், விமானம் உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 37 டிகிரி முன்னால் போயிருக்கும். முட்டிக் கணக்கில் நான்குக்குச் சற்றுக் குறைவு. வானம் வெறிச்சென்று இருக்கும், நாம் "சத்தம் மட்டும் வருகிறது, விமானம் எங்கே?" என்று தேடுவோம்.

சத்தம் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று இரண்டு மூன்று நொடி கவனியுங்கள். அதே பாதையில் நான்கு முட்டி முன்னால் பாருங்கள், விமானம் அங்கே இருக்கும். செயலியில் அந்த இடத்தைத் தொட்டால் பெயர் வரும். எனக்கு இந்தச் செயலிகளில் பிடித்த சோதனையே இதுதான். ஒலியின் வேகம் பாடப்புத்தகத்தில் ஓர் எண்ணாக இருந்தது. இங்கே அது வானத்தில் கண்ணால் அளக்கக்கூடிய இடைவெளியாகவே தெரிகிறது.

தாழப் பறக்கும் விமானத்துக்கு இந்தக் கணக்கு சுருங்கிவிடும். 600 மீட்டர் உயரத்தில் ஒலி இரண்டே நொடியில் வந்துவிடும், விமானத்தின் வேகமும் குறைவு. அதனால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமும் விமானமும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இருக்கும்.

கேமராவில் பெயர் ஓரிடம், விமானம் ஓரிடம்

போனை வானத்தை நோக்கிப் பிடித்தால் விமானத்தின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுபோல் காட்டும் ஏஆர் வசதியில் இது வரும். செயலி கேமராப் படத்தில் விமானத்தைத் தேடுவதில்லை. உங்கள் இடம், போன் திரும்பியிருக்கும் திசை, சாய்ந்திருக்கும் கோணம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, விமானம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே சீட்டைப் போடுகிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் சீட்டு தள்ளிப் போகும்.

எல்லாச் சீட்டுகளும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி நின்றால் திசைகாட்டிதான் கெட்டிருக்கிறது. காந்தம் வைத்த போன் உறையைக் கழற்றுங்கள். கார் கூரை, இரும்புக் கைப்பிடிச் சுவர், கம்பி நிறைந்த கான்கிரீட் ஆகியவற்றிலிருந்து சில அடி விலகி நில்லுங்கள். பிறகு போனைக் காற்றில் 8 போட்டதுபோல் நான்கைந்து முறை மெதுவாகச் சுழற்றுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்கத் தெளிவாகத் தெரியும் ஒரு விமானத்தைப் பிடியுங்கள். சீட்டு அதன்மேல் உட்கார்ந்தால் மற்றவையும் உட்காரும். 10 டிகிரி பிழை சின்னதாகத் தோன்றலாம். 20 கி.மீ. தள்ளி இருக்கும் விமானத்துக்கு அது மூன்றரை கி.மீ. பிழை.

சீட்டு சரியான கோட்டில்தான் இருக்கிறது, ஆனால் விமானத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறது என்றால் அது தாமதம். செய்தி ரிசீவரிலிருந்து சர்வருக்குப் போய் உங்கள் போனுக்கு வரச் சில நொடிகள் ஆகும். 10 நொடித் தாமதம் என்றால் உயரப் பறக்கும் விமானம் இரண்டரை கி.மீ. முன்னால் போயிருக்கும். இதை நாம் சரிசெய்ய முடியாது. பல செயலிகள் வேகத்தையும் திசையையும் வைத்து விமானத்தை ஊகித்து நகர்த்திக் காட்டுவதால் நேராகப் போகும்போது தாமதம் தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும்.

சீட்டுகள் ஒழுங்கில்லாமல் ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்றால் இருப்பிட அனுமதியைப் பாருங்கள். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் துல்லியமான இருப்பிடம், தோராயமான இருப்பிடம் என்று இரண்டு உண்டு. தோராயமானதைக் கொடுத்திருந்தால் நீங்கள் சில கி.மீ. தள்ளி நிற்பதாகச் செயலி நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் தாழப் பறக்கும் விமானத்தின் சீட்டுதான் முதலில் தாறுமாறாகும்.

விமானம் நின்றுவிட்டது, திடீரென்று தாவியது

கடலுக்கு மேலேயோ பாலைவனத்துக்கு மேலேயோ என்றால் ரிசீவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. 10 கி.மீ. உயரத்தில் இருக்கும் விமானத்தின் சமிக்ஞை, பூமியின் வளைவு காரணமாக, சுமார் 410 கி.மீ. வரைதான் தரைக்கு எட்டும். அதற்கு மேல் கடைசியாகத் தெரிந்த திசை, வேகம், போய்ச்சேரும் இடம் ஆகியவற்றை வைத்துச் செயலி விமானத்தை ஊகமாக நகர்த்துகிறது. ஊகம் என்பதைக் காட்டத் தனி நிறமோ புள்ளிக்கோடோ இருக்கும். அதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். மறுகரையில் ரிசீவர் பிடித்ததும் விமானம் உண்மையான இடத்துக்குத் தாவும். 2019 முதல் ஏரியான் நிறுவனம் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகவும் இந்தச் சமிக்ஞைகளைச் சேகரிக்கிறது. ஆனால் அது விலை கொடுத்து வாங்கும் தரவு, எல்லாச் செயலியிலும் எல்லா விமானத்துக்கும் வராது.

தரைக்கு மேலேயே பாதை நடுங்கிக்கொண்டு, பல்பல்லாகத் தெரிந்தால் அந்த இடத்தை விமானம் சொல்லவில்லை, ரிசீவர்கள் கணக்கிட்டிருக்கின்றன. எம்லாட் என்ற இந்த முறையில் குறைந்தது நான்கு ரிசீவர்கள் ஒரே சமிக்ஞையைப் பிடித்து, வந்துசேர்ந்த நேர வித்தியாசத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும், அதனால்தான் நடுக்கம். விமானம் தாழ இறங்கி நான்கில் ஒரு ரிசீவருக்கு மறைந்ததும் அது வரைபடத்திலிருந்தே காணாமல் போகும்.

பல விமானங்கள் ஒரே நேரத்தில் ஒரே விமான நிலையத்தின் மேல் குவிந்தாலோ, வட்டம் போட்டாலோ, சாத்தியமே இல்லாத வேகத்தில் தாவினாலோ அங்கே யாரோ ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைக்கிறார்கள். கிழக்கு மத்தியதரைக் கடல், கருங்கடல், பால்டிக் பகுதிகளில் சமீப ஆண்டுகளில் இது நிறைய நடக்கிறது. விமானத்தின் ஜிபிஎஸ் ஏமாந்தால் அது தப்பான இடத்தை நேர்மையாகச் சொல்கிறது. செயலியும் அதை அப்படியே காட்டுகிறது. விமானிகளிடம் வேறு வழிகாட்டும் கருவிகள் இருக்கின்றன. வரைபடத்தில் தாவிய விமானம் வானத்தில் தன் பாட்டுக்கு நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

இறங்கும்போது மறைந்துவிட்டது

வீட்டாரை வழியனுப்பிவிட்டுச் செயலியையே பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பதறவைப்பது இது. விமானம் 2,000 அடியில், நிலையத்துக்குச் சற்று முன்னால், அப்படியே காணாமல் போகிறது. பதற வேண்டாம். உயரம் குறையக் குறையச் சமிக்ஞை எட்டும் தூரமும் சுருங்கும். 1,000 அடியில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 70 கி.மீ. வரைதான், நடுவில் மலையோ கட்டடமோ இருந்தால் அதில் கால்வாசிகூட இராது. அருகில் ரிசீவர் இல்லாத நிலையங்களில் தினமும் எல்லா விமானங்களும் இப்படித்தான் மறைகின்றன. நேற்றைய, முந்தாநாளைய பறப்புகளைத் திறந்து பாருங்கள். அவையும் அதே இடத்தில் அறுந்திருந்தால் காரணம் ரிசீவர்தான். இறங்கிவிட்டதா என்பதை விமான நிலையத்தின் வருகைப் பட்டியலில் பாருங்கள், அதுதான் நம்பத்தகுந்தது.

ஓடுபாதைப் பக்கம் விமானம் போலவே ஊர்ந்து திரியும் சின்ன அடையாளங்கள் பல நேரம் வண்டிகள். பெரிய நிலையங்களில் வழிகாட்டி வண்டிகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் இதே ஏடிஎஸ்-பி கருவியைப் பொருத்தியிருப்பார்கள்.

எண் வேறு, வழி வேறு, படம் வேறு

விமானம் ஒலிபரப்பும் செய்தியில் அது எங்கே புறப்பட்டது, எங்கே போகிறது என்ற விவரமே கிடையாது. அதில் இருப்பவை ஒரு முகவரி, அழைப்புக்குறி (அந்தப் பறப்பை ரேடியோவில் அழைக்கும் பெயர்), இடம், உயரம், வேகம் போன்றவைதான். "இங்கிருந்து அங்கே" என்பதைச் சர்வர்தான் அழைப்புக்குறியைக் கால அட்டவணையோடு பொருத்திச் சொல்கிறது. முந்தைய பறப்பின் அழைப்புக்குறியை விமானி மாற்றாமல் விட்டிருந்தால், திரும்பிப் போகும் விமானம் இன்னும் வந்துகொண்டிருப்பதாகவே செயலி சொல்லும். திசையைப் பாருங்கள். சொல்லும் ஊருக்கு எதிர்ப்பக்கமாக நிலையாகப் போய்க்கொண்டிருந்தால் பொருத்தம் தப்பு.

பயணச்சீட்டில் இருக்கும் எண்ணைத் தேடினால் கிடைக்கவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள். சீட்டில் எஸ்க்யூ என்று தொடங்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் வானத்தில் எஸ்ஐஏ. இகே என்று தொடங்கும் எமிரேட்ஸ் வானத்தில் யுஏஇ. ஒரே மாதிரி ஒலிக்கும் எண்களால் குழப்பம் வராமலிருக்கப் பல நிறுவனங்கள் எண்ணோடு எழுத்தையும் கலந்து வேறு அழைப்புக்குறியே கொடுத்துவிடும். இன்னொன்று, கூட்டுச் சேவை. ஒரே விமானத்தின் இருக்கைகளை மூன்று நான்கு நிறுவனங்கள் தத்தம் எண்ணில் விற்கும். வானத்தில் இயக்குபவரின் எண் மட்டும்தான் இருக்கும். சீட்டில் சின்ன எழுத்தில் இயக்குபவர் யார் என்று போட்டிருக்கும், அந்த எண்ணைத் தேடுங்கள்.

படம் பொருந்தாதது சின்ன விஷயம். ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் முகவரி ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் வகையும் படமும் எடுக்கப்படுகின்றன. விமானம் கைமாறி, வண்ணம் மாறி, பட்டியல் இன்னும் திருத்தப்படாமல் இருந்தால் பழைய படம் வரும்.

உயரமும் வேகமும் நம்பும்படி இல்லை

நிலையத்தில் நிற்கும் விமானம் 300 அடி உயரத்தில் இருப்பதாகவோ பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதாகவோ காட்டினால் அது பிழை இல்லை. காட்டப்படும் உயரம் காற்றழுத்தத்திலிருந்து வருவது. கடல்மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடப்படுவது. அன்றைய அழுத்தம் 1000 ஆக இருந்தால் சுமார் 350 அடி கூடுதலாகக் காட்டும். எல்லா விமானங்களும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதால் ஒன்றுக்கொன்று இடைவெளி சரியாகவே இருக்கும்.

வேகம் என்பது தரையை ஒப்பிட்ட வேகம். மேல்வானில் ஓடும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளினால் எண் ஏறும். 2024 பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து லண்டன் போன ஒரு பயணிகள் விமானம் மணிக்கு சுமார் 1,290 கி.மீ. தொட்டது. சுற்றியுள்ள காற்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை.

விமானம் சிவப்பாக மாறியது, 7700 என்று வருகிறது

விமானி டிரான்ஸ்பாண்டரில் (விமானத்தின் அடையாளத்தைத் தரைக்கு அனுப்பும் கருவியில்) போடும் நான்கு இலக்க எண்ணுக்கு ஸ்குவாக் என்று பெயர். 7700 பொது அவசரம், 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். 7700-க்குப் பின்னால் பயணியின் உடல்நலக் குறைவு, ஒரு இயந்திரக் கோளாறு, கேபின் அழுத்தப் பிரச்சினை என்று எதுவும் இருக்கலாம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்காகத் தரையிறங்கி முடிகின்றன. எண்ணை மாற்றும்போது நடுவில் ஒரு நொடி தவறான எண் வந்துபோவதும் உண்டு. திரையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பும் முன் சில நிமிடம் பொறுங்கள்; அந்த விமானத்தில் யாருடைய வீட்டாரோ இருக்கிறார்கள்.

எச்சரிக்கை வைத்தேன், வரவில்லை

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் இருக்கும் செயலியைத் தூங்கவைத்துவிடும். இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அதன் பிறகும் வரவில்லையென்றால் எதன் பேரில் எச்சரிக்கை வைத்தீர்கள் என்று பாருங்கள். விமானத்தின் பதிவு எண்ணுக்கு வைத்திருந்தால், நிறுவனம் கடைசி நேரத்தில் வேறு விமானத்தை அனுப்பியிருக்கலாம். ஒருவரை வரவேற்கக் காத்திருக்கிறீர்கள் என்றால் பறப்பு எண்ணுக்கு வையுங்கள்.

இரவில் வெளிச்சம், செயலியில் ஒன்றுமில்லை

மினுக்காமல் சீராக, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்தால் அது செயற்கைக்கோள். மிகவும் பளிச்சென்று இருந்தால் சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். விமானச் செயலியில் அதற்கு இடமில்லை. அசையாமல் மேற்கில் பளிச்சென்று நின்றால் வெள்ளி கிரகமாக இருக்கலாம். ஆனால் உங்களை நோக்கி நேராக இறங்கிவரும் விமானத்தின் முன்விளக்கும் பல நிமிடம் நகராதது போலவே நிற்கும். அதனால் அந்தத் திசையில் 50 கி.மீ. வரை வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலது இறக்கையில் பச்சை. இரண்டும் தெரியாமல் பின்பக்க வெள்ளை விளக்கு மட்டும் தெரிந்தால் விமானம் விலகிப் போகிறது. சிவப்பு உங்களுக்கு வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விமானங்கள் இருந்து எது எது என்று குழம்பும்போது இந்த ஒன்றே தீர்த்துவைக்கும்.

எங்கள் பகுதி எப்போதுமே வெறுமையாக இருக்கிறது

வானத்தில் விமானம் போகிறது, எந்தச் செயலியிலும் எந்த நாளும் தாழப் பறப்பவை வருவதில்லை என்றால் உங்கள் பக்கம் ரிசீவர் இல்லை. இதற்கு மருந்து, நீங்களே ஒன்று வைப்பதுதான். யூஎஸ்பியில் செருகும் சின்ன ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரேடியோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி, ஓர் ஆன்டெனா போதும். 1090 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனாவின் நீளம் 69 மில்லிமீட்டர்தான். ரிசீவர் இல்லாத பகுதி என்றால் சில சேவைகள் கருவியை இலவசமாகவே அனுப்புகின்றன. தரவு கொடுப்பவருக்குக் கட்டணத் திட்டத்தையும் சும்மா தருவதுண்டு. சட்டப்படி உங்கள் நாட்டில் இதை வைக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் ரேடியோவை விட ஆன்டெனாவின் இடத்துக்குச் செலவழியுங்கள். ஜன்னலுக்குள் இருக்கும் நல்ல ரேடியோவை, கூரைமேல் நாலாபுறமும் திறந்து நிற்கும் சாதாரண ஆன்டெனா எளிதாக வென்றுவிடும். கேபிள் நீளமாக நீளமாகச் சமிக்ஞை தேயும் என்பதால் ரேடியோவை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு நாள் ஓடிய பிறகு, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் எட்டியது என்ற வட்டப் படத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கடித்தெடுத்தது போல் குறைந்திருந்தால், அந்தத் திசையில் நின்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியோ அடுத்த வீட்டு மாடியோ மறைத்துக்கொண்டிருக்கும். ஆன்டெனாவை அதற்கு மேல் எழும்பும்படி உயர்த்திவிட்டு, மறுநாள் அதே படத்தை மறுபடி பாருங்கள்.